வெளியிடாமல் வைத்திருந்த பதிவு

"அக்கா, ஒண்ணு கேட்டா கோவப்படக் கூடாது. ரிட்டயர் ஆன பொறவும் அந்த பிளாக்க எதுக்கு வச்சிருக்கப் போறிய? இப்ப யாரு உக்காந்து படிக்கா? எல்லாரும் ரீல்ஸுக்குப் போயாச்சு."

கேட்டவள் மகாலட்சுமி. தென்காசியில் நான் கடைசியாக வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் இப்போது என் இடத்தில் நிற்கிற நர்ஸ். எனக்குச் சால்வை போர்த்தி, ஒரு குத்துவிளக்கைக் கையில் கொடுத்து வழியனுப்பிய அன்று, கேசரி தின்றுகொண்டே கேட்டாள். "சும்மாதான்ட்டி" என்று சொல்லிச் சமாளித்தேன். சும்மா இல்லை என்பது அவளுக்கும் தெரியும். அதற்குப் பிறகு நடந்த ஒரு காரியத்தில் அவளுக்கும் பங்கு இருக்கிறது. அதனால் அவளுக்கு முறையாகவே பதில் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் முப்பிடாதி. பிறந்தது ஆய்க்குடி. நர்ஸ் படிப்பு பாளையங்கோட்டையில். படித்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. படுக்கை விரிப்பில் சுருக்கம் இருந்தால் திட்டு, ஊசி போடக் கை நடுங்கினால் திட்டு, அழுதால் அதற்கும் திட்டு. பிறகு மலையோரத்து ஊர்களில் சில வருஷம், அங்கிருந்து குற்றாலம், அங்கிருந்து தென்காசி. கல்யாணம் செய்துகொண்டது கணேசனை. தென்காசி பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சின்ன டிடிபி கடை வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் தமிழில் அடித்துக் கொடுப்பார். வலைப்பூவின் கதையில் பாதி அவருடையது.

அது ஆரம்பித்தது குற்றாலத்தில், சீசன் நேரத்தில். அருவிகளில் தண்ணீர் விழத் தொடங்கிவிட்டால் பேரருவிக்குப் பக்கத்தில் ஒரு முதலுதவி முகாம் போடுவார்கள். ஒரு மேசை, ஒரு கட்டில், ஒரு டாக்டர், நான். வருகிறவர்களில் பாதிப் பேர் உடம்பெல்லாம் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு பாறையில் வழுக்கி விழுந்தவர்கள். மீதிப் பேர் வயிறு முட்டப் பரோட்டா தின்றுவிட்டு நேரே அருவிக்கு அடியில் போய் நின்றவர்கள். சர்க்கரைக்காரர்கள் மாத்திரையை ரூமில் வைத்துவிட்டு வந்து, காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வரிசையில் நின்று மயங்கி விழுவார்கள். எல்லோருக்கும் அதே வார்த்தைகளைச் சொல்லிச் சொல்லிச் சாயங்காலம் தொண்டை கட்டிவிடும்.

ஒருநாள் மதுரைப் பக்கத்துக்காரர் ஒருவர், டாக்டர் அவர் நெற்றியில் தையல் போட்டுக்கொண்டிருக்கும்போதே, "இதெல்லாம் மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்று என்னைக் கோபித்துக்கொண்டார். வீட்டில் வந்து புலம்பினேன்.

"எழுதிக் குடுட்டி, அடிச்சு ஒட்டிருவோம்" என்றார் என் வீட்டுக்காரர்.

பெரிய எழுத்தில் அடித்து, அவரே பசை வாளியோடு வந்து முகாம் வாசலில் ஒட்டினார். சாரலில் பசை விட்டு, மறுநாளே தாள் கீழே கிடந்தது. திரும்பவும் ஒட்டினார். திரும்பவும் விழுந்தது. "இனிமே தண்ணி படாத எடமாப் பாத்துத்தான் ஒட்டணும்" என்று சொல்லிவிட்டு, கடைக் கம்ப்யூட்டரில் எனக்கு ஒரு வலைப்பூ திறந்துவிட்டார். 'வார்டு வாசல்' என்று பெயர் வைத்தது நான். நோயாளியோடு வந்தவர்கள் நின்று தவிக்கிற இடம் அதுதான். உள்ளே என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. உள்ளே இருக்கிற எங்களுக்கு வெளியே வந்து நிதானமாகச் சொல்ல நேரம் இருக்காது.

எனக்குக் கம்ப்யூட்டரில் அடிக்க வராது. எனவே ஷிப்டு முடிந்ததும் நேரே கடைக்குப் போய்விடுவேன். டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு நான் சொல்லச் சொல்ல அவர் அடிப்பார். நடுவில் நிறுத்தி, "இது எனக்கே வெளங்கல. படிக்கவனுக்கு எப்படி வெளங்கும்?" என்பார். அவருக்கு விளங்குகிற வரை மாற்றி மாற்றிச் சொல்லுவேன். அதற்கு முன்னால், ஒரே வீட்டில் இருந்தும் நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளாத வருஷங்கள் நிறைய. நான் வரும்போது அவர் கடையில் இருப்பார், அவர் வரும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன். ஆஸ்பத்திரியில் பார்த்ததை எல்லாம் மனசில் போட்டு மூடிக்கொண்டு, சாம்பாரில் உப்பு இல்லை என்பதற்கு அவரோடு சண்டை பிடிப்பேன். வலைப்பூ வந்த பிறகு அந்தச் சண்டை குறைந்தது. அன்றன்று என் வேலை எப்படிப் போனது என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஆக, சொந்தக் காரணம் என்று ஒன்றைக் கேட்டால், முதலில் அதைத்தான் சொல்லுவேன்.

தென்காசிக்கு மாற்றலாகி வந்த பிறகு ஒருநாள், நர்சிங் சூப்பிரண்டு எஸ்தர் மேடம் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அரசாங்க வேலையில் இருந்துகொண்டு பொதுவில் எழுதலாமா கூடாதா என்று நான் யாரையும் கேட்டிருக்கவில்லை.

எஸ்தர் மேடம் யாரையும் நிற்கவைத்துப் பேச மாட்டார். அறைக்குள் வந்தால் உட்காரச் சொல்லி, ஒரு கட்டு காஸ் துணியை மேசையில் நம் பக்கம் நகர்த்துவார். அவரும் மடிப்பார், நாமும் மடிக்க வேண்டும். வெட்டின ஓரம் உள்ளே போகிற மாதிரி மடிக்க வேண்டும். வெளியே நூல் நீட்டிக்கொண்டிருந்தால் புண்ணில் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒரு நூல் கண்ணில் பட்டால், பேச்சை நிறுத்தாமலே அந்த மடிப்பைப் பிரித்து நம்மிடம் திருப்பித் தருவார். கோபத்தையும் அப்படித்தான் காட்டுவார். அன்றும் மடித்துக்கொண்டே சொன்னார்.

"நீ எழுதுததெல்லாம் படிச்சேன்."

என் கை நின்றுவிட்டது.

"கைய நிறுத்தாத. நல்லாத்தான் எழுதுத. இன்ன வரைக்கும் தப்பா ஒண்ணும் இல்ல. இனிமேலயும் வந்துரக் கூடாது, அதுக்குத்தான் கூப்பிட்டேன். பேரு, ஊரு, ஆளக் கண்டுபிடிக்கிற மாதிரி எந்த அடையாளமும் வரக் கூடாது. வைத்தியம் பத்தி எழுதுனா டாக்டர் ஒருதரம் பாத்த பொறவுதான் போடணும். பெரிய டாக்டர்ட்ட நானே பேசி அனுமதி வாங்கித் தாரேன்."

"சரி மேடம்."

"இன்னொண்ணு. சில கேஸு இருக்கும். அந்த வீட்டு ஆளுக படிச்சா நெஞ்சு வலிக்கும். அத எழுது. ஆனா வெளிய விடாத."

"வெளிய விடாட்டா எதுக்கு மேடம் எழுதணும்?"

அவர் என் மடிப்பு ஒன்றைப் பிரித்து என் பக்கம் தள்ளினார். "எழுதாட்டா அது ஒனக்குள்ளயே கெடந்து சீழ் வைக்கும். நாம நர்ஸு. சீழ் வச்சா என்ன ஆகும்னு ஒனக்கு நான் சொல்லணுமா?"

சொன்னபடியே பெரிய டாக்டரிடம் பேசி அனுமதியும் வாங்கிக் கொடுத்தார். அதிலிருந்து வைத்தியம் சம்பந்தமான பதிவுகளை எங்கள் டியூட்டி டாக்டர் பார்த்துத் திருத்துவார். அவர் இளைஞர், என்னைவிட அவருக்குத்தான் இதில் ஆர்வம் அதிகம். பாம்புக்கடி பற்றி எழுதச் சொன்னதும் அவர்தான்.

இந்தப் பக்கம் வயல், தோப்பு, மலையடிவாரம். பாம்புக்கடி எங்களுக்குப் புதிதில்லை. விரியன் கடித்து ஒருவர் வந்தால் முதலில் செய்வது ரத்தம் உறைகிறதா என்கிற சோதனை. பார்க்கிறவர்களுக்கு அது சோதனை மாதிரியே இருக்காது. புதிதாக, உலர்ந்ததாக ஒரு கண்ணாடிக் குழாய் வேண்டும். பிளாஸ்டிக் உதவாது. சோப்புப் போட்டுக் கழுவி வைத்ததும் உதவாது, தப்பான முடிவு காட்டும். கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து அதில் விட்டு ஸ்டாண்டில் நிமிர்த்தி வைத்துவிட்டு, இருபது நிமிடம் அதைத் தொடக் கூடாது, ஆட்டக் கூடாது. பிறகு மெதுவாக ஒரு தடவை சாய்த்துப் பார்க்க வேண்டும். கட்டியாக நின்றால் ரத்தம் உறைந்திருக்கிறது. தண்ணீராக ஓடினால் விஷம் வேலையைத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். உடனே விஷமுறிவு மருந்தை ஏற்ற வேண்டும்.

அந்த இருபது நிமிடத்தில் நாங்கள் வாங்கின ஏச்சுக்கு அளவில்லை. "பாம்பு கடிச்ச ஆளக் கெடத்திட்டு, சும்மா வாட்சப் பாத்துட்டு நிக்கியளே, நீங்கல்லாம் மனுசங்களா?" என்று ஒருவர் ஸ்டாண்டைத் தட்டிவிடவே வந்தார். அதனால்தான் அந்தக் குழாய் ஏன், அந்தக் காத்திருப்பு ஏன் என்று ஒரு பதிவு எழுதினோம். அதோடு டாக்டர் இன்னொன்றும் சேர்க்கச் சொன்னார்: முதல் குழாய் உறைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டுக் கிளம்பிவிடாதீர்கள், விஷம் மெதுவாகவும் ஏறும், ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பவும் பார்க்க வேண்டும், அதற்குப் பிறகும் பார்க்க வேண்டும்.

இனி சொல்லப்போவது வடகரைப் பக்கத்து ஒரு குடும்பத்தின் கதை. அவர்கள் சம்மதத்தோடுதான் சொல்லுகிறேன். பெயர்கள் நான் வைத்தவை.

சில வருஷங்களுக்கு முன், அறுவடைச் சமயம், ஒரு காலை நேரம். சுடலைமுத்து என்பவர் தன் வயலில் மெஷின் போக முடியாத மூலையைக் கையால் அறுத்துக்கொண்டிருந்தபோது கணுக்காலில் கடி. பாம்பை அவரே பார்த்திருக்கிறார், கண்ணாடி விரியன். அவருடைய மனைவி பேச்சியம்மாளின் தம்பி மாடசாமி, தன் காரில் போட்டுக் கொண்டுவந்தார். கூடவே பேச்சியம்மாளும், காலேஜில் படிக்கிற மகள் சுகன்யாவும். காலைக் கயிறு போட்டு இறுக்கவில்லை, கடிவாயைக் கீறவில்லை, நேரே கொண்டுவந்துவிட்டார்கள். அதற்கே நான் மனசுக்குள் கும்பிட்டேன்.

குழாயில் ரத்தம் விட்டு வைத்தோம். நேரம் ஆனதும் சாய்த்தேன். உறைந்திருந்தது. காலில் வீக்கமும் கொஞ்சம்தான்.

"உறஞ்சிருக்கு. ஆனா இது மொத குழாய்தான். ஒரு மணி நேரம் கழிச்சு மறுபடியும் பாக்கணும். இங்கனயே இருக்கட்டும்" என்றேன்.

மாடசாமிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "உறஞ்சிட்டுன்னு நீங்கதான சொல்லுதிய. அப்ப வெசம் ஏறலன்னுதான அர்த்தம்? பொறவு எதுக்குப் படுக்கப் போடணும்?"

"விரியன் வெசம் மெதுவாவும் ஏறும் அண்ணாச்சி. இப்ப இல்லன்னா பொறவு தெரியும்."

"எங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தரு பண்பொழிப் பக்கம் பச்சில குடுக்காரு. எத்தன பேரு பொழச்சிருக்காங்க தெரியுமா? இங்கன வந்து சும்மா கெடக்கதுக்கு, அங்கன போனா ஒரு மருந்தாவது உள்ள போகும்."

டாக்டர் வந்து சொன்னார். அதற்குள் ஒரு விபத்துக் கேஸ் வந்துவிட, அவர் அங்கே ஓட வேண்டியதாயிற்று. நான் பேச்சியம்மாளிடம் கெஞ்சினேன். அவள் தம்பி முகத்தைப் பார்த்தாள். "அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும் சிஸ்டர்" என்றாள். சொந்தப் பொறுப்பில் கூட்டிப் போகிறோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். மாடசாமி கெட்டவர் இல்லை. அத்தான் பிழைத்துவிட்டார் என்கிற சந்தோஷத்தில் நிலைகொள்ளாமல் இருந்தார். சுடலைமுத்துவைக் கைத்தாங்கலாகக் காரில் ஏற்றியதையும், கடிபட்ட காலைத் தன் கையால் தூக்கி உள்ளே வைத்ததையும் பார்த்தேன்.

நான் அந்தப் படுக்கையைக் கலைக்கவில்லை. அடுத்த குழாயை எடுத்து ஸ்டாண்டில் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று கேட்டால், கை பழகிப்போய் வைத்தது.

கார் திரும்பி வந்தது. மகள்தான் முதலில் ஓடி வந்தாள். கையில் போன்.

"சிஸ்டர், இங்க பாருங்க, இதுல போட்டிருக்கு. மொத குழாய் உறஞ்சாலும் போகப்புடாதாம். வெசம் மெதுவா ஏறுமாம். ஒரு மணி நேரம் கழிச்சு மறுபடியும் பாக்கணுமாம். ரயில் கேட்டு போட்டிருந்துது, கார் நின்னுட்டு. அப்பதான் தேடிப் படிச்சேன். மாமாட்ட சண்ட போட்டுக் கூட்டியாந்துட்டேன்."

போனைப் பார்த்தேன். இளம்பச்சைப் பின்னணியில் என் வீட்டுக்காரர் அடித்த எழுத்து. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அதே இடத்தில் நின்று, அதே வார்த்தைகளில், நான் வாயால் சொன்னது. ஒரு நொடி கோபம் வந்தது. அடுத்த நொடி அந்தப் பிள்ளையைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. இரண்டுக்கும் அப்போது நேரமில்லை.

"சரிம்மா, நல்ல வேளை வந்திய. அப்பாவ உள்ள கூட்டிட்டு வா" என்றேன். அதை எழுதியது நான்தான் என்று சொல்லவில்லை.

இரண்டாவது குழாயைச் சாய்த்ததும் ரத்தம் தண்ணீராக ஓடியது. உடனே விஷமுறிவு மருந்தை ஏற்றினோம். அந்த மருந்தே சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அவருக்கும் பாதியில் நடுக்கம் எடுத்து, உடம்பெல்லாம் தடித்துப்போனது. டிரிப்பை நிறுத்தி, அதற்கான ஊசி போட்டு, அடங்கினதும் மறுபடி மெதுவாகத் தொடங்கினோம். ஈறிலிருந்து கசிந்த ரத்தம் நின்றது. எங்களுக்கு நம்பிக்கை வந்தது. ஆனால் சிறுநீர் குறைந்துகொண்டே போய், நிறம் கறுத்தது. சிறுநீரகத்தில் விஷம் கை வைத்துவிட்டது. மறுநாள் டயாலிசிஸுக்காகத் திருநெல்வேலிக்கு அனுப்பினோம். அங்கே சில நாள் போராடிப் பார்த்தார்கள். அவர் தவறிவிட்ட செய்தியை ஆம்புலன்ஸ் டிரைவர்தான் வந்து சொன்னார்.

அன்று கடைக்குப் போனபோது டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. என் முகத்தைப் பார்த்த வீட்டுக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். "சொல்லு" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். எதையும் திருத்தாமல், நடுவில் ஒரு கேள்வி கேட்காமல் அடித்தார். முடிந்ததும், "வெளிய விடவா?" என்று கேட்டார்.

"வேண்டாம். அந்தப் பொண்ணு படிக்கும்."

சேமித்து வைத்துவிட்டு, டிபன் பாக்ஸைத் திறந்து என் முன்னால் வைத்தார்.

வருஷங்கள் ஓடின. கொரோனா வந்து போனது. எஸ்தர் மேடம் ஓய்வு பெற்று மகன் வீட்டோடு போனார். பிறகு என் முறையும் வந்தது. ஓய்வு பெற்றுச் சில மாதங்கள் ஆன பிறகு ஒரு காலையில் மகாலட்சுமி போன் செய்தாள்.

"அக்கா, ஒரு பொண்ணு வந்திருக்கா. பழைய பாம்புக்கடி கேஸாம். ஒங்களத்தான் கேக்கா. அங்க அனுப்பட்டா?"

சுகன்யாவை எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. சென்னையில் வேலை பார்க்கிறாளாம். கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது என்று சொன்னாள். சொன்ன முகத்தில் கல்யாணக் களை இல்லை.

"அம்மா மாமாகூடப் பேசி வருஷக்கணக்காகுது சிஸ்டர். 'அவன் கார்ல ஏத்தாம இருந்தா ஒங்கப்பா இருந்திருப்பாரு'ங்கா. மேடையில தாய்மாமனுக்கு எடமில்லன்னு சொல்லிட்டா. மாமாவும் தான்தான் கொன்னுட்டோம்னு நெனைக்காரு. எங்க தெரு வழியா வாறதே இல்ல." அவள் என் பக்கம் திரும்பினாள். "எனக்கே தெரியல. அன்னைக்கு நாங்க கெளம்பாம இருந்திருந்தா அப்பா பொழச்சிருப்பாரா? உண்மையச் சொல்லுங்க. சமாதானத்துக்குச் சொல்லாதிய."

எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் அத்தனை வருஷத்துக்குப் பிறகு, கல்யாணப் பெண் ஒருத்தி கண்கலங்கி முன்னால் உட்கார்ந்திருக்கும்போது, என் ஞாபகத்தை நானே நம்பலாமா? இரக்கப்பட்டு மனசு கொஞ்சம் மாற்றிச் சொல்லிவிடாதா? நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, உள்ளே இருந்து என் வீட்டுக்காரர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். கடையை மூடிவிட்டு இப்போது வீட்டில்தான் அடிக்கிறார்.

திரையைப் பார்த்ததும் சுகன்யா முன்னால் குனிந்தாள். "இது... இதத்தான் அன்னைக்கு ரயில் கேட்டுல நிக்கும்போது படிச்சேன். இது ஒங்களுதா?"

"ஆமா."

"நீங்களா எழுதுனது? அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா?"

"நேரம் இருந்துதா அன்னைக்கு?" என்றேன். "நானும் ஒண்ணு கேக்கணும். நான் சொல்லும்போது நம்பலியே, இதுல போட்டிருந்தத மட்டும் எப்படி நம்புன?"

அவள் யோசித்தாள். "நீங்க சொல்லும்போது மாமா சத்தம், அம்மா அழுக, எல்லாம் சேந்து ஒண்ணுமே காதுல ஏறல. கேட்டு போட்டிருக்கும்போது கார்ல யாரும் பேசல. ரெண்டு மூணு தரம் படிச்சேன்."

மகாலட்சுமி, நீ கேட்டதற்கு என் தொழில் சம்பந்தமான பதில் அதுதான். இதைவிட நன்றாக என்னால் சொல்ல முடியாது.

வெளியிடாமல் வைத்திருந்த பதிவை முதலில் நான் படித்துப் பார்த்தேன். பிறகு லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினேன். அதில் இப்படி இருந்தது: "அவர்கள் திரும்பி வந்தபோது இரண்டாவது குழாய்க்கு நேரம் ஆகியிருக்கவில்லை. காத்திருந்துதான் எடுத்தோம். இங்கேயே இருந்திருந்தாலும் மருந்து அந்த நேரத்துக்குத்தான் ஏறத் தொடங்கியிருக்கும். அந்தப் பெண் மட்டும் காரைத் திருப்பாவிட்டால், நாங்கள் போராடிப் பார்க்கக்கூட வழியிருந்திருக்காது."

சுகன்யா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் அழவிட்டேன். பிறகு சொன்னேன், "கெளம்புனது தப்புதான். அத நான் இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா அப்பா போனது அந்தத் தப்பால இல்ல." அப்போதைய டாக்டர் இப்போது வேறு ஊரில் இருக்கிறார். அன்றே அவரைப் போனில் பிடித்துக் கேட்டேன். அவரும் அதையேதான் சொன்னார்.

"இத அம்மாட்ட வந்து சொல்லுவியளா சிஸ்டர்? நான் சொன்னா நம்ப மாட்டா."

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் வடகரைக்குக் கூட்டிப் போனார். பேச்சியம்மாள் என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டாளே தவிர, தான் உட்காரவில்லை. தூணில் சாய்ந்து நின்றாள்.

"அதெல்லாம் இப்ப எதுக்கு? போன உசுரு வருமா?"

"வராது" என்றேன். "ஒருதரம் கேட்டுக்கிடுங்க. பொறவு நான் போயிருதேன்."

போனில் பதிவைத் திறந்து மெதுவாகப் படித்தேன். குழாய் பற்றி, நேரம் பற்றி, மருந்து எப்போது ஏறியது என்பது பற்றிப் படித்தபோது அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முழுக்க நம்பினாளா என்றும் தெரியவில்லை. பதிவின் கடைசிப் பகுதி டிரிப் ஏறிக்கொண்டிருந்த நேரத்தைப் பற்றியது. அப்போது அவளும் மகளும் கீழே மருந்துக் கடையில் நின்றார்கள். மாடசாமி வார்டு வாசலில் நின்றார். சுடலைமுத்து பக்கத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். அதையும் படித்தேன்.

"அவர் என்னிடம், 'சிஸ்டர், என் மச்சினன் வெளிய மூஞ்சி செத்துப்போய் நிக்கான். காலையில இருந்து பச்சத் தண்ணி குடிச்சிருக்க மாட்டான். அவன ஒரு டீ குடிச்சிட்டு வரச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க, அப்பதான் கேப்பான்' என்றார். நான் திரும்புவதற்குள் அவருக்கு நடுக்கம் தொடங்கிவிட்டது. வெளியே போய்ச் சொல்ல முடியவில்லை."

பேச்சியம்மாள் தூணை விட்டு நகர்ந்தாள். "அவரா சொன்னாரு?"

"ஆமா."

"அவன் மேல கோவமா எதுவும் சொல்லலியா?"

"ஒண்ணும் சொல்லல. இது மட்டுந்தான் சொன்னாரு."

அவள் அடுக்களைக்குள் போனாள். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. சுகன்யா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முகம் கழுவி, முந்தானையால் துடைத்துக்கொண்டே வெளியே வந்தவள், மகளிடம் கையை நீட்டினாள்.

"மாமாவுக்குப் போனப் போட்டுக் குடுட்டி."

சுகன்யா போட்டுக் கொடுத்தாள். மணி அடித்தது. அந்தப் பக்கம் "சொல்லும்மா" என்று மாடசாமியின் குரல். மருமகள் பேசுகிறாள் என்று நினைத்திருக்கிறார். பேச்சியம்மாள் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தாள். அவர் இரண்டு முறை "சுகன்யா, சுகன்யா" என்றார்.

"ஏலே, நான்தான்" என்றாள்.

அந்தப் பக்கம் ஒரு ஆம்பிளை, அடக்க முடியாமல் அழுகிற சத்தம் கேட்டது.

"அழாதல" என்றாள் பேச்சியம்மாள். "ஒங்க அத்தான் ஒன்ன டீ குடிக்கச் சொல்லிட்டுத்தான் போயிருக்காரு. எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். வா, நான் போட்டுத் தாரேன்."